மூன்றாம் தொட்டியின் பதில்

இது நடந்தது. எனக்கு நடந்தது. நண்பனின் நண்பனுக்கு நடந்ததாக ஆரம்பிக்கும் வகை இல்லை. கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் விடுதிக் குளியலறைக் குழாய்க்கு இரங்கல் செய்தி எழுதியவன் நான். அதனால் இதையும் கிண்டல் என்று எடுத்துக்கொள்வீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். அன்று நான் கட்டியிருந்த கைக்கடிகாரம் இன்றும் ஓடுகிறது. நேரங்களை அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பேய்க்கு நள்ளிரவு வேண்டும் என்பார்கள். இது ஏழேகால் மணி. ஊரில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் நேரம்.

என் அக்கா கணவரை நான் மாமா என்பேன். அவர் ஓர் எண்ணெய் வயலில் அளவுக்காரர். பூமியிலிருந்து வரும் கச்சா எண்ணெய் பெரிய இரும்புத் தொட்டிகளில் சேரும். தொட்டியின் உச்சிக்கு ஏறி, மூடியைத் திறந்து, பித்தளைக் குண்டு கட்டிய நாடாவை உள்ளே இறக்கி, எத்தனை அடி எண்ணெய் இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். இதற்கு ஒரு மின்கருவி உண்டு. அது பழுதாகி இரண்டு வருடம். மாமா பழுதாகவில்லை. அதனால் யாருக்கும் அவசரம் இல்லை.

மூடியைத் திறந்தால் வாயுவும் வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் விஷவாயு. ஆகவே நிறுவனத்தில் ஒரு விதி: தொட்டிக்கு எப்போதும் இரண்டு பேர். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. மாமாவின் கீழ் ஆள் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். எனக்கோ கல்லூரி விடுமுறை. என் தகுதிகள்: இரண்டு கால், மாமாவின் சிபாரிசு. அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் பாதி நேரம் படம் காட்டும் கருவியின் ஒயரைத் தேடினோம்.

வாயிலில் ஒரு பலகை இருந்தது. அது நடந்த நாளில் அதில் எழுதியிருந்தது: "விபத்தில்லா நாட்கள்: 1,906." காற்று சிலிண்டர்களும் முகமூடிகளும் கட்டுப்பாட்டு அறையில் ஒரு கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. அலமாரிக்குப் பூட்டு. சாவி மேற்பார்வையாளரிடம். அவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். விஷவாயுவும் அதே நேரத்துக்குக் கிளம்பிவிடும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

மாலை ஷிப்டில் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவரை எல்லோரும் மூக்கண்ணன் என்பார்கள். மூக்கு பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. வேலை செய்யாது, அவ்வளவுதான். பூவை நீட்டினாலும் சாக்கடையை நீட்டினாலும் ஒரே முகம். முதல் நாள் என்னைப் பார்த்து, "புது ஆளா?" என்றார்.

"ஆமாண்ணே. அளவுக்காரரோட மச்சினன்."

"நாத்தம் அடிச்சா பயப்படாதே தம்பி. நாத்தம் நின்னுச்சுன்னா ஓடு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று என் ஐந்தாவது நாள். நிறுவனம் கொடுத்த பூட்ஸ் இரண்டு அளவு பெரியது. குதிகாலில் கொப்புளம். வேலைக்குக் கிளம்பும்போது நொண்டினேன். அக்கா பார்த்துவிட்டாள்.

"பூட்ஸ் உன்னைப் போட்டிருக்கா, நீ பூட்ஸைப் போட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு வரிசை பிளாஸ்திரி எடுத்துவந்து என் பையில் திணித்தாள். பிறகு மாமாவிடம் திரும்பினாள். "என் தம்பியை முழுசா கொண்டுவந்து விடணும். சொல்லிட்டேன்."

"குதிகாலுக்கு நான் கேரன்டி இல்ல. மத்ததெல்லாம் முழுசா வரும்," என்றார் மாமா.

வாக்குக் கொடுத்தால் தவறமாட்டார்.

வண்டியில் போகும்போது மாமா கேட்டார், "மச்சான், ஒரு பிளாஸ்திரி குடு."

"உங்களுக்கும் கொப்புளமா?"

"எனக்கில்ல. இதுக்கு."

சட்டைப் பையிலிருந்து மானிட்டரை எடுத்தார். விஷவாயு வந்தால் அலறும் சின்னப் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அங்கே அதற்குப் பெயர் சிள்வண்டு. ஜோடிக்கு ஒன்றுதான் தருவார்கள். மேலே ஏறுபவர் வைத்துக்கொள்வார். வாயு வந்தால் அலறும், அதிரும், சிவப்பாக மின்னும். மாமாவுடையதில் அதிர்வு போய் ஆறு மாதம். மின்னுவது சட்டைப் பைக்குள் யாருக்குத் தெரியும்? மிச்சம் இருந்தது அலறல் மட்டும்.

"ஒரு தடவை கத்தினா நாலு பக்கப் படிவம். 'ஏன் கத்தியது'ன்னு ஒரு கட்டம் வேற. அதையே கேளுங்கன்னு எழுதவா?" என்றார். "தினம் நாலு தடவை சும்மாவே கத்துது. இங்க எல்லாரும் ஒட்டிட்டுத்தான் ஏறுறாங்க."

உண்மைதான். எல்லோருடைய சிள்வண்டின் வாயிலும் ஏதாவது ஒட்டியிருக்கும். டேப், சூயிங்கம், வாழ்த்து அட்டையின் துண்டு.

நானே ஒட்டினேன். ஒலி வரும் ஓட்டைகள்மேல், காற்று புகாதபடி, ஓரங்களை நகத்தால் அழுத்தி. கணினியில் செய்ததுபோல் நேர்த்தி. பிறகு பேனா எடுத்து, பிளாஸ்திரிமேல் ஒரு சிரிக்கும் முகம் வரைந்தேன்.

மாமா பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இப்பத்தான் பாக்கற மாதிரி இருக்கு."

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் மற்றது புரியாது.

தொட்டிகளுக்குப் பக்கத்தில் பம்புகள் ஓடும். மேலே இருப்பவர் கத்தினால் கீழே கேட்காது. அதனால் தட்டுவோம். இருவரிடமும் ஆளுக்கொரு பித்தளைச் சுத்தியல். பித்தளை தீப்பொறி விடாது. நிமிடத்துக்கு ஒரு முறை கீழே இருப்பவன் தொட்டிச் சுவரில் ஒரு தட்டு தட்டுவான். 'உயிரோடு இருக்கிறாயா?' என்று அர்த்தம். மேலே இருப்பவர் உச்சி விளிம்பில் இரண்டு தட்டுவார். 'இருக்கிறேன்.' பதில் வராவிட்டால் கீழே இருப்பவன் ஏறவே கூடாது. வாயிலுக்கு ஓடிப்போய் போனில் சொல்ல வேண்டும்.

முதல் நாளே மாமா சுவரைத் தட்டிக் காட்டியிருந்தார். "எண்ணெய் நிக்கற உயரம் வரைக்கும் மந்தமாக் கேக்கும். டும். அதுக்கு மேல காலி. கணீர்னு கேக்கும். டங். காதை வச்சே அளவு சொல்லலாம். அந்த மின்கருவிக்கு இது தெரியாது."

அன்று மூன்றாம் தொட்டியில் பாதி எண்ணெய். பன்னிரண்டு அடி. என்னைப்போல் இரண்டு ஆள் உயரம்.

7:05. இருட்டிவிட்டது. காற்று நின்றுபோயிருந்தது. கம்பத்தில் கட்டிய ஆரஞ்சுத் துணிக்குழல், காற்று எந்தப் பக்கம் என்று காட்டுவது, தோய்த்த கால்சட்டைபோல் தொங்கியது.

"காத்தே இல்லையே மாமா."

"அஞ்சு நிமிஷ வேலைடா."

7:09. ஏறினார். பூட்ஸ் சத்தம் படிகளில் சுற்றிச் சுற்றி மேலே போனது. உச்சியில் டார்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் ஆடியது.

நான் படிக்கட்டின் அடியில் நின்றேன்.

7:12. தட்டினேன். டும்.

டங்-டங்.

7:13. டும்.

டங்-டங்.

7:14. டும். டங்-டங். கடைசியில் ஒரு சின்ன டிங். அது மாமாவின் சேட்டை. போனை வைக்கும் முன் அக்காவிடம் "ம்" என்று ஒன்று இழுப்பாரே, அதுபோல.

7:15. டும். டங்-டங். சேட்டை இல்லை.

7:16. மேலே ஏதோ விழுந்த மாதிரி இருந்தது. நாடாவின் குண்டாக இருக்கும் என்று நினைத்தேன். தட்டினேன்.

பதில் உடனே வரவில்லை. எண்ணினேன். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

டும்... டும்.

வந்துவிட்டது. மூச்சு விட்டேன். குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினேன். கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது.

டங் இல்லை. டும்.

7:17. தட்டினேன். நான்கு விநாடி.

டும்... டும்.

மேலிருந்து வரவில்லை. பன்னிரண்டு அடிக்குக் கீழே இருந்து வந்தது. மாமா படியில் இறங்கி வந்து, பாதியில் நின்று விளையாடுகிறார் என்று நினைத்தேன். அண்ணாந்து பார்த்தேன். படியில் யாரும் இல்லை. உச்சியில் டார்ச் வெளிச்சம் இருந்தது. ஆடவில்லை. வானத்தைப் பார்த்து அப்படியே நின்றது.

"மாமா!"

பம்புச் சத்தம்.

"மாமா, விளையாடாதீங்க!"

7:18. தட்டினேன். டும்... டும். இன்னும் கீழே.

விதிப்படி எல்லாம் சரி. ஒன்று தட்டினேன், இரண்டு வந்தது. எந்த ஓசையில் வர வேண்டும் என்று விதியில் இல்லை. அதனால் நின்றேன்.

7:19. நாற்றம் வந்தது. அழுகிய முட்டை. தொண்டை எரிந்தது. கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருந்தது. தட்டினேன். பதில் வந்தது. நாற்றம் அடிச்சா பயப்படாதே... பயப்படாமல் இருக்க முயன்றேன்.

7:20. பதில் வந்தது. தொட்டியைச் சுற்றி ஓடிப் பார்த்தேன். பின்பக்கம் யாரும் இல்லை.

7:21. பதில் வந்தது. இப்போது என் தோள் உயரத்தில். சுவருக்கு அந்தப் பக்கத்தில்.

அந்தப் பக்கத்தில் எண்ணெய்தான் இருக்கிறது.

7:22. நாற்றம் நின்றது.

சட்டென்று. கதவைச் சாத்தியது போல. அப்பாடா என்று இருந்தது. காற்று வந்துவிட்டது என்று துணிக்குழலைப் பார்த்தேன்.

தொங்கிக்கொண்டிருந்தது.

நாத்தம் நின்னுச்சுன்னா... வாயு போகவில்லை. என் மூக்குதான் மரத்திருந்தது.

தலை லேசாகச் சுற்றியது. ஓட வேண்டும். ஆனால் மேலே மாமா.

சுத்தியலைத் தூக்கினேன்.

டும்.

டும்... டும்.

என் காதுக்கு நேராக.

7:23. டும்... டும்.

7:24. டும்... டும்.

விதியைத் தூக்கிப் போட்டேன். ஏறிவிடலாம். பத்தே விநாடி. இழுத்து வந்துவிடலாம். கைப்பிடியைப் பிடித்தேன். முதல் படியில் கால் வைத்தேன்.

நான் தட்டவில்லை.

டும்.

டும் டும்.

டும் டும் டும் டும் டும்...

சுவர் முழுக்க. உள்ளிருந்து. கைப்பிடி என் உள்ளங்கையில் துடித்தது. உயிருள்ள எதையோ பிடித்த மாதிரி.

காலை எடுத்தேன்.

நின்றது.

மறுபடி வைத்தேன்.

டும்!

ஒன்றே ஒன்று. என் முகத்துக்கு நேராக. இரும்பு முன்னால் புடைத்துவிட்டதோ என்று தோன்றியது.

ஓடினேன்.

கழன்ற பூட்ஸ் ஒன்று அங்கேயே கிடந்தது. பின்னால் சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

டும்... டும்.

டும்... டும்.

7:26. வாயிலில் போனை எடுத்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மூக்கண்ணன் கண்ணாடி அலமாரியை நாற்காலியால் உடைத்த சத்தம் போனிலேயே கேட்டது. சாவியைத் தேடவில்லை.

7:33. அவரும் இன்னொரு ஆளும் முகமூடியோடு ஏறினார்கள்.

7:41. மாமாவை இறக்கினார்கள். மூடிக்குப் பக்கத்தில் குப்புற விழுந்து கிடந்தாராம். கையில் நாடா. படுக்க வைத்தபோது சட்டைப் பையிலிருந்து சிள்வண்டு பாதி வெளியே வந்தது. சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. அதன்மேல் என் சிரிக்கும் முகம்.

மாமாவுக்கு முப்பத்திரண்டு வயது.

மறுநாள் வாக்குமூலம் கொடுக்கப் போனேன். வாயிலில் பலகை: "விபத்தில்லா நாட்கள்: 1,907." மாமா ஒப்பந்த ஆள். ஒப்பந்தக்காரர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்களாம். செத்துப்போவதற்குக்கூட நிரந்தர வேலை வேண்டும்.

விசாரணை அதிகாரி கண்ணியமான மனிதர். தண்ணீர் கொடுத்தார். நான் எழுதியதைப் படித்தார். ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். சிள்வண்டு எல்லாவற்றையும் நேரத்தோடு பதிவு செய்யும். அது எனக்கு அன்றுதான் தெரியும்.

"ஏழு பதினாலுக்கு அலாரம் ஆரம்பிச்சிருக்கு," என்றார். "ஏழு பதினாறுக்கு ஆள் விழுந்திருக்கார். அதுக்கப்புறம் அசைவே இல்ல. கை அசைஞ்சாக்கூட இதுல தெரியும்."

"இருபத்திநாலு வரைக்கும் பதில் வந்துச்சு சார்."

"ஒன்பது தடவை?"

"ஒன்பது தடவை."

பேனாவை எடுத்து என் வாக்குமூலத்தின் ஓரத்தில் ஒரு சொல் எழுதினார். 'எதிரொலி.'

அவர் எழுதியதைவிட அந்தத் தாள்தான் என்னை உடைத்தது. ஏழு பதினான்கு. ஏழு பதினாறு. இரண்டு நிமிடம் அது அலறியிருக்கிறது. இறங்கி வர இரண்டு நிமிடம் தாராளம். ஓரங்களை நான் நகத்தால் அழுத்தி ஒட்டியிருந்தேன்.

ஐந்தாம் நாள் மாமாவின் உடைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அக்கா சட்டையை எடுத்து மடியில் வைத்து நீவினாள். பைக்குள் விரலை விட்டாள். சிள்வண்டை உருவியபோது உரிந்து உள்ளேயே சுருண்டு ஒட்டியிருந்த பிளாஸ்திரியை எடுத்தாள். விரித்துப் பார்த்தாள்.

"இது நான் உனக்குக் குடுத்ததுதானே?"

தலையை ஆட்டினேன்.

"இதுல யாருடா மூஞ்சி வரைஞ்சது?"

"தெரியலக்கா," என்றேன். நான்கு விநாடிகூட ஆகவில்லை.

பிறகு அவள் கேட்டாள், "கடைசி வரைக்கும் பதில் குடுத்தாரா?"

"குடுத்தார்க்கா."

பதினாறாம் நாள் மூக்கண்ணன் வீட்டுக்கு வந்தார். அக்காவிடம் பேசிவிட்டு, என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார்.

"எத்தனை பதில்டா வந்துச்சு?"

சொன்னேன். எந்த ஓசையில் வந்தது என்றும் சொன்னேன். அவர் எதிரொலி என்று சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"மூணு வருஷம் முன்னாடி அதே தொட்டி," என்றார். "நான் மேல விழுந்து கிடந்தேன். என் ஆளு கீழ நின்னு தட்டியிருக்கான். பதில் வரல. திரும்பத் திரும்பத் தட்டியிருக்கான். அடுத்த தொட்டிக்காரன் பாத்திருக்கான். அப்புறம் சுத்தியலைப் போட்டுட்டு ஏறிட்டான். என்னை ஓரமா தள்ளிவிட்டது அவன்தான். எனக்கு மூக்கு மட்டும் போச்சு. அவன் இறங்கி வரல."

என் பக்கம் திரும்பினார்.

"பதில் வராம இருந்திருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?"

"ஏறியிருப்பேன்ணே."

"எத்தனை மணிக்கு?"

"பதினாறுக்கு. பதினேழுக்கு."

தலையை ஆட்டினார். பதினேழுக்கு ஏறியிருந்தால் நானும் அந்த மூடிக்குப் பக்கத்தில் கிடந்திருப்பேன். அது எனக்குத் தெரியும். பதினேழுக்கு வாயிலுக்கு ஓடியிருந்தால் மாமாவை ஏழெட்டு நிமிடம் முன்னால் இறக்கியிருப்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும். தட்டியது என்னைக் காப்பாற்றியதா, மாமாவைத் தன்னோடு வைத்துக்கொண்டதா... மூக்கண்ணனிடம் கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நானும் எதிரொலி என்று ஒத்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து மூன்றாம் தொட்டியைக் காலி செய்து கழுவினார்கள். அன்று மாலை 6:50க்கு மூக்கண்ணன் போன் செய்தார்.

"உள்ள போய்ப் பாத்தேன். சுவர் பூரா கசடு. விரல் கனத்துக்கு." குரல் சரியாக இல்லை. "ஒரு இடத்துல மட்டும் இல்ல. உள்ளங்கை அகலம். தேஞ்சு போய் இரும்பு தெரியுது. தட்டித் தட்டித் தேஞ்ச மாதிரி."

"எந்தப் பக்கம்ணே?"

"படிக்கட்டுப் பக்கம். தரையிலேர்ந்து அஞ்சரை அடி."

என் காது உயரம்.

"பழைய தேய்மானம்டா. கறுத்துக் கிடக்கு. அதைக்கூட நான் தாங்கிக்குவேன்..."

"அண்ணே?"

"பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கு. இப்பத்தான் தேய ஆரம்பிச்சிருக்கு. பளபளன்னு."

போனை வைத்துவிட்டார்.

தொட்டிக்கு எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும். அது விதி.